புதுப்பிப்பு: 11 கிலோவாட் சார்ஜரில் 3.6 மட்டுமே ஏறிய சிக்கல் தீர்ந்தது

போன மாதம் கேட்டிருந்தேன்: வீட்டில் மும்முனை மின்சாரம், சுவரில் 11 கிலோவாட் ஏ.சி. (மாறுதிசை மின்சார) சார்ஜர், என் மின்சாரக் காருக்குள்ளேயே இருக்கும் சார்ஜர் 7.2 கிலோவாட், ஆனாலும் திரையில் 3.6ஐத் தாண்டவில்லை. யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

பேட்டரிச் சூடு, குறைந்த வோல்டேஜ் என்று சந்தேகித்தவை பொருந்தவில்லை. "கார் எத்தனை முனையில் மின்சாரம் எடுக்கிறது என்று பாருங்கள்" என்றவர்தான் சரியாகப் பிடித்தார். அந்த 11 கிலோவாட் என்பது மூன்று முனைகளிலும் தலா 16 ஆம்பியர். என் காரோ ஒருமுனை மட்டுமே எடுக்கும். 230 வோல்ட்டை 16ஆல் பெருக்கினால் 3.68 கிலோவாட். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது; நான்தான் பெட்டியில் பெரிதாக அச்சிட்ட எண்ணை நம்பினேன்.

32 ஆம்பியர் ஒருமுனை சார்ஜருக்கு மாற்றினேன். தனியாக 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 40 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் மிஞ்சினால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) போட்டார் எலக்ட்ரீஷியன். சார்ஜர் இருக்கும் அதே முனையில் இருந்த படுக்கையறைக் குளிர்சாதனத்தை வேறு முனைக்கு மாற்றச் சொன்னதும் அவர்தான்.

எதிர்பாராதது ஒன்று. மாற்றிய முதல் இரவு 4.5 மட்டுமே வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தால், சார்ஜரையும் காரையும் இணைக்கும் பழைய டைப் 2 கேபிளின் பிடியில் 20 ஆம்பியர் என்று பொடி எழுத்தில் இருந்தது. கேபிளின் தாங்குதிறனைப் பிளக்கினுள் இருக்கும் சிறு மின்தடையைக் கொண்டு சார்ஜர் அறிந்து, அதற்கு மேல் விடாது. 32 ஆம்பியர் கேபிள் வந்தபின் 7.2 வருகிறது. மாலையில் வோல்டேஜ் 205க்கு இறங்கும்போது மட்டும் 6.5.