காட்பாடியில் 1,800 சதுர அடி வீடு: பிளான் போட மூன்று பேர் மூன்று விலை சொல்கிறார்கள்

காட்பாடி மனை

வணக்கம். வேலூர் காட்பாடி பக்கம் 30-க்கு 50 அடி மனை, வடக்குப் பார்த்தது. மாநகராட்சி எல்லைக்குள் வருகிறது, அப்ரூவ்டு லேஅவுட். கீழும் மேலுமாக 1,800 சதுர அடி கட்ட எண்ணம். பிளானுக்கு மூன்று இடத்தில் கேட்டதில்:

ஒரு சிவில் இன்ஜினியர் சதுர அடிக்கு 30 ரூபாய், மொத்தம் 54,000 என்கிறார். ஒரு ஆர்க்கிடெக்ட் கட்டுமானச் செலவில் 6 சதவீதம், ஏறக்குறைய இரண்டரை லட்சம் கேட்கிறார். ஒரு கான்ட்ராக்டர், வேலையைத் தனக்கே கொடுத்தால் பிளான் இலவசம், சதுர அடி 2,350-க்குக் கட்டித் தருகிறேன் என்கிறார்.

54,000 எங்கே, இரண்டரை லட்சம் எங்கே? இவ்வளவு வித்தியாசம் எதனால் வருகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபலகை

சார், மூன்று பேரும் விற்பது மூன்று வேறு பொருள். அதனால் விலையை நேருக்கு நேர் வைத்துப் பார்க்க முடியாது. ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்க வேண்டியது, "என்னென்ன டிராயிங் கையில் கொடுப்பீர்கள், சைட்டுக்கு எத்தனை முறை வருவீர்கள்" என்பதுதான். அதை எழுதி வாங்குங்கள்.

நம் பக்கம் "பிளான்" என்று சொன்னால் பெரும்பாலும் அப்ரூவல் டிராயிங்தான். தரைத்தளம், மாடி, ஒரு வெட்டுத் தோற்றம், முன்பக்கத் தோற்றம், சைட் பிளான் எல்லாம் ஒன்றிரண்டு தாளில் அடங்கிவிடும். மாநகராட்சிக்கும் வங்கிக் கடனுக்கும் அது போதும். மேஸ்திரி அதை வைத்து வீடு கட்ட முடியாது. கட்டுவதற்கு வேண்டியது வொர்க்கிங் டிராயிங்: சென்டர் லைன் (சுவர், பில்லரின் நடுக்கோடு), கடைக்கால் குழி, பில்லர் அட்டவணை, பிளிந்த் பீம் (தரைமட்ட பீம்), லிண்டல் (கதவு ஜன்னலுக்கு மேல் வருவது), ஸ்லாப் கம்பி, படிக்கட்டு வெட்டு, கதவு ஜன்னல் அட்டவணை, கரண்ட் பாயின்ட், தண்ணீர் மற்றும் கழிவுக் குழாய், பாத்ரூமும் சமையலறையும் தனித்தனியாக. உங்கள் அளவு வீட்டுக்கே இருபது தாளுக்குக் குறையாது. 54,000-த்தில் இதில் எத்தனை தாள் இருக்கிறது என்று கேளுங்கள். அப்ரூவல் தாள் மட்டும் என்றால் அந்த விலை அதிகம். ஸ்ட்ரக்சுரல் டிராயிங்கும் சைட் விசிட்டும் சேர்த்து என்றால் குறைவு.

இந்தத் தாள்கள் இல்லாவிட்டால் எங்கே இடிக்கும் என்பதற்குப் படிக்கட்டு நல்ல உதாரணம். தளத்துக்குத் தளம் 10 அடி 6 அங்குலம், அதாவது 126 அங்குலம். படிக்கு 7 அங்குல உயரம் வைத்தால் 18 ஏற்றம். நடுவில் திரும்பும் படிக்கட்டில் ஒரு பக்கத்துக்கு 9 ஏற்றம், 8 மிதிப் பலகை. மிதி 10 அங்குலம் என்றால் 6 அடி 8 அங்குலம், லேண்டிங் 3 அடி, ஆக உள்ளளவு 9 அடி 8 அங்குலம் வேண்டும். அப்ரூவல் பிளானில் பலர் இதற்கு 8, 9 அடி பெட்டி போட்டுக் கோடு இழுத்துவிடுவார்கள். சென்டரிங் (கான்கிரீட்டுக்குப் பலகை) அடிக்கும் நாளில்தான் இடம் போதாதது தெரியும். மேஸ்திரி படியை 8 அங்குலமாக ஏற்றி, மிதியைக் குறைத்து ஒப்பேற்றுவார். வீட்டுப் பெரியவர்கள் ஆயுசுக்கும் அந்தப் படியில்தான் ஏறி இறங்க வேண்டும்.

பாத்ரூமும் அப்படித்தான். மாடி பாத்ரூமுக்கு ஸ்லாப்பை எவ்வளவு தாழ்த்துவது என்பது கான்கிரீட் போடும் முன்பே தெரிய வேண்டும். குழாய் டிராயிங் இல்லையென்றால் பிறகு பீமைத் துளைப்பார்கள். அதற்கு ஆகும் செலவை விட, கட்டடத்துக்கு வரும் கேடுதான் பெரிது.

நம் ஊர் வெயிலுக்கு மேற்குச் சுவரில் எதை வைக்கிறார் என்றும் பாருங்கள். படுக்கை அறையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டு எலிவேஷனுக்கு மட்டும் அழகான 3டி படம் காட்டுபவருக்கு ஒரு ரூபாய் கொடுத்தாலும் அதிகம்தான். படிக்கட்டு, பாத்ரூம், ஸ்டோர் ரூம் மேற்கே போனால் வெயிலை அவை தாங்கிக்கொள்ளும்.

சதவீதக் கணக்கு

ஆர்க்கிடெக்ட் கேட்ட 6 சதவீதத்தைப் பற்றி நான் சொல்கிறேன். ஆர்க்கிடெக்ட் என்ற பெயர் 1972-ஆம் ஆண்டு ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டத்தின்கீழ் கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவருக்கே உரியது. பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கும், அடுத்து ஆண்டு, அதன்பின் வரிசை எண். கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பதிவு இல்லாதவர் பிளான் போடக் கூடாது என்று சட்டம் தடுக்கவில்லை, தன்னை ஆர்க்கிடெக்ட் என்று அழைத்துக்கொள்ளத்தான் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே இன்ஜினியரிடம் பிளான் வாங்குவதில் தவறு ஏதும் இல்லை.

கவுன்சிலின் கட்டண அளவுகோலில் தனி வீட்டுக்கு 7.5 சதவீதம் உண்டு. நடைமுறையில் பேசிக் குறைப்பது வழக்கம். 6 என்பது எடுத்த எடுப்பிலேயே மறுக்க வேண்டிய விலை அல்ல. சதுர அடி 2,300 என்று வைத்துக்கொண்டால் வேலை மதிப்பு 41,40,000. அதில் 6 சதவீதம் 2,48,400. அவர் ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம், 44,712 சேரும். மொத்தம் 2,93,112. சொன்ன விலைக்குள் ஜிஎஸ்டி அடக்கமா என்று முதல் நாளே கேளுங்கள்.

சதவீதத்தில் தகராறு வரும் இடம் "எதன் மீது சதவீதம்" என்பதுதான். நீங்களே கடையில் வாங்கும் டைல்ஸ், கதவு, சானிட்டரி சாமானும் வேலை மதிப்பில் சேரும் என்றுதான் பெரும்பாலான ஒப்பந்தங்கள் இருக்கும். 1,500 சதுர அடி தரைக்கு 60 ரூபாய் டைலுக்குப் பதில் 160 ரூபாய் டைல் எடுத்தால் செலவு 1,50,000 ஏறும். அவருக்கு ஒரு கோடு கூட வேலை கூடவில்லை, ஆனால் கட்டணம் 9,000 ஏறும். இதைத் தவிர்க்க வழி இருக்கிறது: விரிவான எஸ்டிமேட் முடிந்ததும் அந்தத் தொகையில் சதவீதத்தைப் போட்டு, மொத்தக் கட்டணமாக நிறுத்திவிடுங்கள். பரப்பளவு கூடினால் மட்டும் மாற்றம் என்று எழுதுங்கள். நியாயமான ஆர்க்கிடெக்ட் இதற்கு ஒப்புக்கொள்வார்.

பணத்தையும் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். கவுன்சில் முறைப்படி ஆரம்ப வடிவம் முடிந்ததும் மொத்தத்தில் 10 சதவீதம் வரை, திருத்திய பிளானுக்கு 20, அப்ரூவல் டிராயிங்குக்கு 35 என்று படிப்படியாக ஏறி, கடைசிப் பகுதி கட்டடம் முடியும்போதுதான். உங்கள் கணக்கில் அப்ரூவல் வரை 86,940. அங்கேயே நிறுத்திக்கொள்ளும் நிலை வந்தாலும் தர வேண்டியது அவ்வளவுதான். முதலிலேயே பாதிக்கு மேல் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கம்பிக் கணக்கு

எனக்கு முன் எழுதிய இரண்டு பேருமே ஸ்ட்ரக்சுரலை, அதாவது கட்டடத்தின் பலத்துக்கான கம்பி, கான்கிரீட் கணக்கை, தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டார்கள். ஆர்க்கிடெக்ட் கட்டணத்தில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கட்டணம் அடக்கமா, தனியா? இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தனியாக என்றால் சதுர அடிக்கு எவ்வளவு, பார் பெண்டிங் ஷெட்யூல் (கம்பியை வெட்டி வளைக்கும் அளவுப் பட்டியல்) உண்டா என்பதையும்.

இந்தச் செலவை மிச்சம் பிடிக்கவே பிடிக்காதீர்கள். கணக்குப் போடாமல் பழக்கத்தில் கம்பி கட்டினால் வேண்டாத இடத்தில் அதிகமாகவும் வேண்டிய இடத்தில் குறைவாகவும் போகும். இப்படிப்பட்ட வீட்டுக்குச் சதுர அடிக்கு மூன்றரை முதல் நாலரை கிலோ வரை கம்பி ஆகும். ஒரு கிலோ கூடுதலாகப் போனாலே 1,800 கிலோ. கிலோ 65 ரூபாய் என்று வைத்தால் 1,17,000. ஸ்ட்ரக்சுரல் கட்டணம் அதற்குள் அடங்கிவிடும்.

மண் பரிசோதனையும் அப்படியே. காட்பாடி பக்கம் மலையடிவார மனைகளில் ஒரு மூலையில் இரண்டு அடியில் பாறை, எதிர் மூலையில் கொட்டி நிரப்பிய மண் என்று இருக்கும். இரண்டிலும் ஒரே அளவு கடைக்கால் போட்டால் ஒரு பக்கம் இறங்கிச் சுவர் குறுக்கே வெடிக்கும். ஒரு பில்லரில் 40 டன் பாரம் என்று வையுங்கள். மண் சதுர மீட்டருக்கு 20 டன் தாங்கினால் பூட்டிங் (பில்லரின் அடிப்பாதம்) 2 சதுர மீட்டர், அதாவது பக்கத்துக்கு ஏறக்குறைய நாலே முக்கால் அடி. 10 டன்தான் தாங்கும் என்றால் 4 சதுர மீட்டர், பக்கத்துக்கு ஆறரை அடி. மண்ணைப் பார்க்காமல் 'நாலுக்கு நாலு' என்று சொல்பவரிடம் எந்தக் கணக்கில் சொல்கிறார் என்று கேளுங்கள்.

இன்னொன்று. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893-இன் 2016 பதிப்புப்படி வேலூர் நிலநடுக்க மூன்றாம் மண்டலம். அதனால் ஐ.எஸ். 13920 படி பில்லர் ரிங்கின் கொக்கி 135 பாகை உள்நோக்கி வளைய வேண்டும், பீம் சேரும் இடத்தருகே ரிங் நெருக்கமாக வர வேண்டும். டிராயிங்கில் இருந்தால்தான் மேஸ்திரியிடம் கேட்க முடியும்.

காட்பாடி மனை

மிக்க நன்றி சார். இன்னும் இரண்டு சந்தேகம். கான்ட்ராக்டர் இலவசமாகக் கொடுக்கும் பிளானில் என்ன குறை? அப்ரூவலுக்குத் தனியாக 40,000 ஆகும் என்று இன்ஜினியர் சொல்கிறார், அது சரியா?

வரைபலகை

இலவசப் பிளானின் விலை அந்த 2,350-க்குள் இருக்கிறது. அதை விட முக்கியம், வரைபவரும் கட்டுபவரும் பணம் வாங்குபவரும் ஒருவரே என்றால் சரிபார்க்க ஆள் இல்லை. அவரிடமே கொடுப்பதானாலும், தனி இன்ஜினியர் ஒருவரைச் சைட் விசிட்டுக்கு மட்டும் கட்டணம் பேசி அமர்த்துங்கள். வர வேண்டிய நேரங்கள்: மார்க்கிங், பிசிசி (குழியின் அடியில் போடும் கம்பியில்லா கான்கிரீட்) போடும் முன் குழி, பூட்டிங் கம்பி, பிளிந்த் பீம், இரண்டு ஸ்லாப்புக்கும் கான்கிரீட்டுக்கு முந்தைய நாள், படிக்கட்டு கம்பி, குழாய் அழுத்தச் சோதனை. எட்டு விசிட். விசிட்டுக்கு இவ்வளவு என்று பேசினால் சதவீதத்தை விடக் குறையும். சென்னையிலிருந்து ஆள் கூப்பிட்டால் 140 கிலோமீட்டர் பயணச் செலவும் சேரும், அதனால் ராணிப்பேட்டை, வேலூருக்குள்ளேயே பார்ப்பது நல்லது.

அப்ரூவல் 40,000-ஐ இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள்: அரசுக்குக் கட்டுவது எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு. அரசுக்குக் கட்டும் ஒவ்வொரு தொகைக்கும் ஆன்லைனில் உங்கள் பெயரில் ரசீது வரும். ரசீது வராத தொகை எதுவும் அரசுக் கட்டணம் இல்லை.

உங்கள் மனை 1,500, கட்டடம் 1,800. ஜூலை 2024-இல் வந்த சுயசான்றுத் திட்டம் 2,500 சதுர அடி வரை மனை, 3,500 சதுர அடி வரை கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும் என்ற வரம்பில் உடனடி அனுமதி தருகிறது. அதில் நீங்கள் வருவீர்கள். ஆனால் முன்பக்கம், பக்கவாட்டில் விட வேண்டிய இடத்தை விதிப்படி விட்டதாக உறுதி சொல்வது நீங்கள். தவறினால் பொறுப்பும் உங்களுடையது. வரைபவர் தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளைப் படித்தவரா என்பதை அதனால்தான் பார்க்க வேண்டும்.

சதவீதக் கணக்கு

ஒப்பந்தத்தில் இரண்டு வரி விட்டுப்போகும், சேர்த்துக்கொள்ளுங்கள். பிளானை எத்தனை முறை கட்டணமில்லாமல் திருத்தித் தருவார், அதற்கு மேல் திருத்தத்துக்கு எவ்வளவு. கட்டணம் கட்டிய கட்டம் வரையிலான டிராயிங்கை பிடிஎஃப், ஆட்டோகேட் இரண்டு வடிவிலும் தருவாரா. ஆட்டோகேட் கோப்பு தரப் பலர் தயங்குவார்கள், பேசும்போதே கேட்டால் கிடைக்கும். பாதியில் ஆள் மாற்ற நேர்ந்தால் புதியவர் முதலிலிருந்து வரைய வேண்டியிருக்காது.