புதுப்பிப்பு: கனால் டு மிடி கரையோர சைக்கிள் பயணம்

தெற்கு பிரான்ஸில் துலூஸ் நகரிலிருந்து கனால் டு மிடி என்ற கால்வாயின் கரையோரமாகவே போக 28 மி.மீ. அகல டயர் போதுமா என்று போன மாதம் கேட்டிருந்தேன், பாதிப் பேர் வேண்டாம் என்றீர்கள், நான் கேட்கவில்லை. போய் வந்தாச்சு. முதல் 50 கிலோமீட்டர் தார்ப்பாதை, வெண்ணெய் மாதிரி. அப்புறம் மண்ணும் சரளையும், கரையில் நிழலுக்கு நிற்கும் பிளேன் (plane) மரங்களின் வேர்கள் விரல் மூட்டுகள் போலப் புடைத்து நிற்கின்றன. மூன்றாம் நாளில் இரண்டு பஞ்சர், இரண்டும் பின் சக்கரத்தில், பை முழுக்க அங்கேதானே மாட்டியிருந்தேன். 40 மி.மீ. போடுங்கள், அவ்வளவுதான்.

அந்த மரங்களும் 2006-இல் இந்தக் கால்வாயில் தெரியவந்த பூஞ்சை நோயால் ஆயிரக்கணக்கில் வெட்டப்பட்டுவிட்டன, படத்தில் பார்த்த நிழலை நம்பி வெயிலில் கிளம்பாதீர்கள்.

ஆனால் மதகுகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை மேலே ஏற்றி கீழே இறக்கும் அறைகள்! 17-ஆம் நூற்றாண்டில் இந்தக் கால்வாயை அமைத்த ரிக்கே கட்டியவை, மண்ணின் அழுத்தத்தைத் தாங்க முட்டை வடிவில் சுவர்கள். பெஸியே நகரில் படிக்கட்டு போல அடுக்கியிருக்கும் அறைகளில் ஒரு படகு ஏறுவதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ஓட்டியது மொத்தம் 18 கிலோமீட்டர்.