புதுப்பிப்பு: ஸ்பர்ஷில் வாழ்வுச் சான்று நிராகரிப்பு, தீர்ந்தது

ராணுவ ஓய்வூதியத்துக்காக நவம்பரில் கொடுத்த ஜீவன் பிரமாண் (டிஜிட்டல் வாழ்வுச் சான்று) ஏன் நிராகரிக்கப்பட்டது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. பலித்தது, 'ஓய்வூதியம் வழங்கும் அதிகாரி யார் என்று போட்டிருக்கிறீர்கள், பாருங்கள்' என்ற யோசனைதான். அங்கே பழைய வங்கியின் பெயர் இருந்தது. பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணைய அமைப்பான ஸ்பர்ஷுக்கு மாறிய பிறகு வங்கி வெறும் கணக்கு இருக்கும் இடம், அவ்வளவே.

தரைப்படையினர் படிவத்தில் ஓய்வூதியத்தை அனுமதிக்கும் அதிகாரியாக 'டிஃபென்ஸ் – பிசிடிஏ (பி) அலகாபாத்' (பாதுகாப்புத் துறையின் ஓய்வூதியக் கணக்கு அலுவலகம்), வழங்குபவராக 'ஸ்பர்ஷ் – பிசிடிஏ (பென்ஷன்ஸ்) அலகாபாத்' எடுக்க வேண்டும். கடற்படை, விமானப்படைக்கு அனுமதிக்கும் அதிகாரி வேறு. பிபிஓ எண் (ஓய்வூதிய ஆணை எண்), ஸ்பர்ஷ் தந்த 12 இலக்கம். சாய்கோடு போட்ட பழைய எண் அல்ல.

எதிர்பாராதது ஒன்று: பிரமாண் ஐடி (சான்றின் எண்) எஸ்எம்எஸ்ஸில் வந்தாலே சான்று ஏற்கப்பட்டதாக அர்த்தமில்லை. ஸ்பர்ஷில் அடுத்த அடையாளச் சரிபார்ப்புத் தேதி ஒரு வருஷம் தள்ளிப்போயிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.