செகண்ட் ஹேண்ட் வண்டி: ஐடில்ல நடுக்கம், மிதிச்சா திணறல்... உங்க அனுபவம்?

பழையசக்கரம்:
பெட்ரோல் வண்டி, வாங்கிக் கொஞ்ச நாள்தான். சிக்னல்ல நின்னா ஸ்டீயரிங் வரைக்கும் நடுங்கும். ஆர்பிஎம் முள் 600க்கும் 900க்கும் நடுவுல ஏறி இறங்கும். கிளம்ப மிதிச்சா ஒரு நொடி ஒண்ணுமே இருக்காது, அப்புறம் வெடுக்குனு பாயும். பிளக், அதுக்குக் கரண்ட் தர்ற காயில் மாத்தியாச்சு, த்ராட்டில் பாடி கழுவியாச்சு. அப்படியேதான்.

கடைசியா ஒரு மெக்கானிக் ஸ்கேனரை மாட்டி ஃபியூல் ட்ரிம் மட்டும் பார்த்தார், அதாவது வண்டி கம்ப்யூட்டர் வழக்கத்தைவிட எவ்வளவு பெட்ரோலைக் கூட்டிக் குறைச்சு விடுதுன்னு. ஐடில்ல (மிதிக்காம சும்மா ஓடும்போது) பிளஸ் 22 சதவீதம், 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா பிளஸ் 4. "சென்சார் கணக்குல வராத காத்து எங்கயோ உள்ள போகுது"ன்னார். இன்டேக்குக்குள்ள புகை ஏத்தினார். குனிஞ்சு பார்த்துட்டே இருந்தோம். காத்து உள்ள போற மேனிஃபோல்டுக்கு அடியில, பிசிவி ஹோஸ் (என்ஜினுக்குள்ள சேர்ற ஆவியை இன்டேக்குக்குக் கொண்டு போற குழாய்) வளையற இடத்துல மெல்லிசா வெள்ளைப் புகை கிளம்புச்சு. கையை விட்டுத் தடவினா ஹோஸ் மேல கறுப்பு டேப்! நான் சுத்தினதில்ல. "ஒரு குறையும் இல்ல தம்பி"ன்னு சாவியைக் கொடுத்தவரோட முகம் இன்னும் கண்ணுலயே நிக்குது. புது ஹோஸ் போட்டதும் வண்டி சரி. மனசுதான் ஆறல.

நீலவண்டி:
எல்லாத்தையும் காத்துக் கசிவுன்னு முடிவு பண்ணிடாதீங்க. ஐடில்ல மோசம், ஆர்பிஎம் ஏறினா சரியாகுதுன்னா அது கசிவோட குணம். என்னோடது நேர் எதிர். ஐடில்ல லேசாத்தான் தெரியும், மேடு ஏறும்போது உதறும், செக் என்ஜின் லைட் விட்டு விட்டு மின்னும். ஸ்கேனர்ல வந்த எரர் கோடு பி0301, முதல் சிலிண்டர் மிஸ்ஃபயர், அதாவது அங்க பெட்ரோல் ஒழுங்கா எரியல. புதுசா எதுவும் வாங்காம முதல் சிலிண்டர் காயிலையும் மூணாவதையும் இடம் மாத்திப் போட்டு ஓட்டினேன். எரர் கோடு பி0303 ஆயிடுச்சு, கோளாறு காயிலோட மூணாவது சிலிண்டருக்குப் போயிடுச்சு! அந்த நம்பர் மாறினதைப் பார்த்தப்ப வந்த நிம்மதியை மறக்க முடியாது. ஒரே ஒரு காயில்தான் செலவு. லைட் மின்னும்போது அழுத்தி ஓட்டாதீங்க, எரியாத பெட்ரோல் போய் எக்ஸாஸ்ட் புகையைச் சுத்தம் பண்ற கேடலிடிக் கன்வெர்ட்டரையே சுட்டுடும்.

ராத்திரிடிரைவர்:
டேப் சுத்தினது வித்தவர்தான்னு எப்படிச் சொல்றீங்க? அதுக்கு முன்னாடி கை வெச்ச யாராவது சுத்தியிருக்கலாம். எனக்கு நடந்தது வேற. பார்க்கப் போனப்பவே என்ஜின் சூடா இருந்துச்சு. "இப்பதான் வெளிய போயிட்டு வந்தேன்"னார். வாங்கின மறுநாள் காலையில ஸ்டார்ட் பண்ணினா மொத்த வண்டியும் உதறுது.

அதனால வாங்கப் போறவங்க, நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சாவியைத் திருப்பினதும் செக் என்ஜின் லைட் எரியணும், ஸ்டார்ட் ஆனதும் அணையணும். எரியவே இல்லன்னா சந்தேகப்படுங்க. வண்டி கம்ப்யூட்டர்ல மாட்டிப் பார்க்கற சின்ன ஓபிடி ஸ்கேனர் ஒண்ணு கொண்டு போய் ரெடினஸ் மானிட்டர் (வண்டி தன்னைத் தானே சோதிச்சு முடிச்சதான்னு காட்டுறது) பாருங்க. பல மானிட்டர் இன்னும் முடியலைன்னு காட்டினா, சமீபத்துல யாரோ எரர் கோடை அழிச்சிருக்காங்க, இல்ல பேட்டரியைக் கழட்டியிருக்காங்க. ஏசி போட்டு ஐடில்ல விடுங்க, அந்தச் சுமையில நடுக்கம் வெளிய வந்துடும். இன்னொண்ணு, கார்ப் கிளீனர் ஸ்ப்ரே அடிச்சுக் கசிவு தேடச் சொல்வாங்க. சூடான எக்ஸாஸ்ட் மேல பட்டா தீப்பிடிக்கும், வேண்டாம். புகை விட்டுப் பார்க்கிறதே நல்லது. உள்ள போற காத்தை அளக்கற எம்ஏஎஃப் சென்சாரையும் அதுக்குன்னு விக்கிற கிளீனர்ல மட்டும் கழுவுங்க, உள்ள இருக்கற கம்பியைத் தொடவே தொடாதீங்க.

பழையசக்கரம்:
டேப்போட பசை கையில ஒட்டுச்சுங்க. பழசா இருந்தா என்ஜின் சூட்டுல காஞ்சு உரிஞ்சிருக்கும்.

மழைக்காலம்:
எக்ஸாஸ்ட் காத்துல கொஞ்சத்தைத் திரும்ப என்ஜினுக்குள்ள விடற ஈஜிஆர் வால்வை யாருமே சொல்லலையே? எனக்கும் ஐடில்ல நடுக்கம், வேகத்துல சுத்தமா இல்ல. கசிவுன்னுதான் தேடினாங்க, ஆனா ட்ரிம் ஒழுங்கா இருந்துச்சு. வால்வைக் கழட்டினா சின்னக் கரித்துண்டு ஒண்ணு நடுவுல மாட்டி, மூட விடாம பிடிச்சிருந்துச்சு. எக்ஸாஸ்ட் காத்து ஐடில்லயும் உள்ள போயிட்டே இருந்திருக்கு. சுரண்டி எடுத்தாங்க, அன்னைக்கே சரியாச்சு.