மூணு மாசம் ஆச்சு, மாத்திரையைத் தொடரலாமா?

வணக்கம் நண்பர்களே. வயசு 34, கல்யாணமாகி நாலு வருஷம். விந்தணு டெஸ்ட்ல மில்லிக்கு 11 மில்லியன், அசைவு 28 சதவீதம். உலக சுகாதார நிறுவனம் 2021-ல சொன்ன கீழ்வரம்பு 16 மில்லியன், 42 சதவீதம்.

டாக்டர் கோ-என்சைம் க்யூ10, எல்-கார்னிடைன், துத்தநாகம், வைட்டமின் ஈ கலந்த மாத்திரை எழுதினார். விந்தணு உருவாகவே 70 நாளுக்கு மேல ஆகுமாம், அதனால மூணு மாசம். விலைதான் கையைக் கடிக்குது. அம்மாவோட முருங்கைக்கீரை தினமும் அது பாட்டுக்குப் போகுது!

ஆனா அமெரிக்காவில 2,370 தம்பதிகளை வச்சு நடந்த ஆய்வுல (2020), ஆண்கள் ஆறு மாசம் துத்தநாகமும் ஃபோலிக் அமிலமும் எடுத்தும் குழந்தைப்பேறு கூடலைன்னு படிச்சதிலிருந்து குழப்பம்.

இந்த மாதிரி மாத்திரை போட்டவங்க யாருக்காவது ரிப்போர்ட் மாறுச்சா? வெரிகோசீல் (விதைப்பையில ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது) இருக்கான்னு முதல்ல ஸ்கேன் பார்த்திருக்கணுமோ? கூச்சமா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.