கார்பன் மாஸ்ட் (பாய்மரம்) மாற்றியதிலிருந்து பாய் தட்டையாக மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

ஈரக்கயிறு:
எங்களுடையது எஃப்16 வகை கேட்டமரன் (இரட்டை உடல் பாய்மரப் படகு). கவிழ்ந்ததில் அலுமினிய மாஸ்ட் கோணிவிட்டது. யாரோ ஓட்டிய கார்பன் மாஸ்ட் ஒன்றை வாங்கி மாட்டினோம். பாய் பழையதுதான். காற்று குறைவாக இருக்கும்போது அருமையாகப் போகிறது. காற்று 15 நாட் (மணிக்கு 15 கடல்மைல்) வேகத்தைத் தாண்டினால் சமாளிக்க முடியவில்லை. டவுன்ஹாலை (பாயின் முன்விளிம்பைக் கீழே இழுக்கும் கயிறு) எவ்வளவு இழுத்தாலும் மாஸ்ட்டை ஒட்டிப் பாய் தொப்பை போட்டு நிற்கிறது. அலுமினியத்துக்கே திரும்பிவிடலாமா?

சுக்கான்:
அவசரப்படாதீர்கள். மாஸ்ட் உச்சியில் குறைகிற ஒவ்வொரு கிலோவும் அலையில் படகு முன்னும் பின்னும் ஆடுவதைக் குறைக்கும். கவிழ்ந்தால் நிமிர்த்துவதும் சுலபம். (எஃப்18 பந்தய வகையாக இருந்தால் இந்தப் பேச்சே இல்லை, அங்கே விதிப்படி அலுமினியம்தான்.)

உங்கள் பாயின் முன்விளிம்பு பழைய மாஸ்ட்டின் வளைவுக்கு வெட்டியது. புதியது அவ்வளவு வளையவில்லை என்றால் மிச்சத் துணி தொப்பையாகத்தான் நிற்கும். ப்ரீபெண்டை, அதாவது பாய் ஏற்றும் முன்பே மாஸ்ட்டில் இருக்கும் வளைவை, அளந்தீர்களா? மாஸ்ட்டைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, டயமண்ட் வயரின் (மாஸ்ட்டின் இருபுறமும் ஓடி அதை விறைப்பாக்கும் கம்பி) இரு முனைகளுக்கும் இடையே, பாய் நுழையும் பள்ளத்தின் பக்கமாக நூல் கட்டி, நடுவில் இடைவெளியைப் பாருங்கள். பள்ளம் மேலே இருக்கும்படி வைத்து அளக்காதீர்கள். மாஸ்ட் தன் எடையிலேயே தொய்ந்து கணக்கைக் கெடுத்துவிடும்.

ஈரக்கயிறு:
18 மி.மீ. பழைய மாஸ்ட்டுக்கு நோட்டில் 45 என்று எழுதி வைத்திருக்கிறேன்.

சுக்கான்:
பிடிபட்டது. முதலில் ஸ்பிரெடர்களை (அந்த வயரை மாஸ்ட்டிலிருந்து தள்ளிப் பிடிக்கும் கைகள்) பின்னால் தள்ளுங்கள், இரண்டு பக்கமும் ஒரே அளவு. அப்புறம் வயரை இறுக்குங்கள். ஸ்பிரெடரைத் தொடாமல் வயரை மட்டும் முறுக்கினால் பக்கவாட்டு விறைப்புதான் அதிகமாகக் கூடும். ஆனால் 45-ஐத் துரத்த வேண்டாம். அலுமினியம் ஒரே அச்சில் பிதுக்கி எடுப்பது. கார்பனில் நாரை அடுக்கிய விதத்துக்கு ஏற்ப மேலே ஒரு குணம், கீழே ஒரு குணம். ஐந்தைந்து மி.மீ. ஏற்றி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பாருங்கள். பாயின் பின்மூலையிலிருந்து மாஸ்ட்டின் நடுவை நோக்கிச் சாய்வாகச் சுருக்கம் விழுந்தால் அளவு மீறிவிட்டது. அதற்குள் தொப்பை கரையவில்லையா, பாய் தைப்பவரிடம் கொடுத்து முன்விளிம்பை வெட்ட வேண்டியதுதான்.

உப்புக்காற்று:
மாஸ்ட் கீழே இருக்கும்போதே அடிப்பகுதி அலுமினியத் துண்டையும் பார்த்துவிடுங்கள். உப்புத் தண்ணீரில் கார்பனும் அலுமினியமும் தொட்டுக்கொண்டால் பேட்டரிதான், கரைவது அலுமினியம். என்னுடையதில் ரிவெட்டைச் சுற்றி பெயிண்ட் கொப்புளித்திருந்தது. நகத்தால் கீறினேன், உள்ளே வெறும் வெள்ளை மாவு. புதுத் துண்டை ஒட்டும்போது நடுவில் ஓர் அடுக்கு கண்ணாடி நார் கொடுத்தேன். மாஸ்ட்டில் விரிசலும் தேடுங்கள். அலுமினியம் வளைந்து காட்டும், கார்பன் சட்டென்று முறியும்.

ஈரக்கயிறு:
35 வரை ஏற்றினோம். நேற்று 18 நாட் காற்றில் தொப்பை காணோம், டவுன்ஹாலுக்கு ஒரு கை போதும். அடித்துண்டில் அதே வெள்ளை மாவு இருக்கிறது. இரண்டு ரிவெட் துளைத்து எடுத்துவிட்டேன், மூன்றாவது அசையவே இல்லை.