குமுளி ஏற்றத்தில் இடிக்கும் பிக்கப்: நாசிலா, பேரிங்கா?

அண்ணன்மாரே, கம்பத்தில் இருந்து குமுளிக்குக் காய்கறி ஏற்றும் பழைய டீசல் பிக்கப் இது. கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் காமன் ரெயில் இல்லை, பழைய மெக்கானிக்கல் டீசல் பம்ப் வண்டி. லோயர் கேம்ப் தாண்டி ஏற்றத்தில் மிதித்தால் 'டக் டக்' என்று இடிக்கிறது, காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது.

ஐடிலிங்கில் விட்டு இன்ஜெக்டர் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, அந்தந்த சிலிண்டருக்கு டீசல் போகாமல் செய்து பார்த்தோம். மூன்றாவதில் மட்டும் சத்தம் குறைகிறது. நாசில் (டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் முனை) சொட்டினாலும் இப்படிக் குறையும், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு பேரிங் தேய்ந்தாலும் குறையும், அதுதான் தலைவலி. கரும்புகை இருக்கிறது. ஆயில் லைட் எரியவில்லை, இன்ஜின் சூடானாலும் சத்தம் கூடவில்லை.

கம்பம் மெக்கானிக் நாசில் என்கிறார். குமுளி சேட்டனோ பேரிங்கைப் பார்க்க இன்ஜின் அடியிலுள்ள ஆயில் சம்பைக் கழற்றியே தீர வேண்டும் என்கிறார். இந்த அறிகுறிகளைப் பார்த்தால் எனக்கென்னவோ நாசில் மேல்தான் சந்தேகம். முதலில் மூன்றாவது இன்ஜெக்டரை இரண்டாவதோடு மாற்றிப் போட்டு, சத்தமும் கூடவே போகிறதா என்று பார்க்கலாமா? அதுவரை லோடு ஏற்றலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.